08: பேராக்கில் ஒரு பூட்டுப் பாடம்

உங்கள் ஐசியை எடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். மொத்தம் 12 எண்கள். முதல் 6 எண்கள் நீங்கள் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அடுத்த 2 எண்கள் பிறந்த மாநிலம். பினாங்கு என்றால் 07, சிலாங்கூர் என்றால் 10, பேராக் என்றால் 08. கடைசி எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். பெயரும் முகமும் தெரியாமலேயே உங்கள் வயது, மாநிலம், பால் மூன்றையும் அந்த எண் ஊருக்குச் சொல்லிவிடும்.

என் எண்ணின் நடுவிலும் 08தான். சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, வேலைக்காகக் கோலாலம்பூருக்கு வந்தவன் நான். அலுவலகத்தில் தரவுப் பாதுகாப்பு வேலை என் தலையில் விழுந்ததால், 48 வயதில் மறுபடியும் பாடப்புத்தகத்தைத் தொட வேண்டியதாயிற்று. என் அக்காள் மகள் கல்லூரியில் இணையப் பாதுகாப்பு படிக்கிறாள். இந்தத் தவணை அவளுக்கு மறையாக்கவியல் பாடம். தகவலைப் பூட்டுவது, பூட்டியது கலையாமல் இருக்கிறதா என்று சோதிப்பது, ஒருவரின் அந்தரங்கத்தைக் கெடுக்காமல் அவருடைய தகவலைப் பயன்படுத்துவது எல்லாம் அதில் அடக்கம்.

பள்ளி விடுமுறையில் மூன்று நாள் பேராக்குக்குப் போவதென்று முடிவானபோது அவள் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் வெள்ளைக் காப்பிக்கும் குகைக் கோயிலுக்கும் போகும் ஊரில் நாங்கள் பூட்டையும் சாவியையும் தேடிப் போனோம்.

ஈப்போ: அரைத்த மசாலா

கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. 1917ல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ளை நிறத்து நிலையம், இறங்கும்போதே கண்ணை நிறைக்கும். நிலையத்துக்கு எதிரே ஓர் ஈப்போ மரம் நிற்கிறது. அதன் பால் விஷம். ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடியது இந்த மரத்தின் பாலைத்தான். ஊருக்குப் பெயர் வந்ததும் இதனால்தான்.

பழைய நகரில் காப்பி குடித்துவிட்டு விடுதிக்குப் போனோம். முகப்பில் இருந்த பையன் இருவர் ஐசியையும் வாங்கி நகல் எடுத்தான். நகல்களை மேசைமேல் திறந்தபடி கிடந்த தட்டில் போட்டான். அதில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேருடைய நகல்கள். அக்காள் மகள் எங்கள் நகல்களைத் திரும்ப வாங்கி, படத்தின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் "விடுதிப் பதிவுக்கு மட்டும்" என்று மலாயில் எழுதித் தேதியும் போட்டுக் கொடுத்தாள். பையன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நகலை எடுத்துப் போய் வேறு எங்கும் கைப்பேசி எண் பதிவு செய்வதும் கடன் கேட்பதும் அவ்வளவு சுலபமில்லை.

அறைக்குப் போனதும் பாடம் தொடங்கிவிட்டது. "மாமா, ஒரு பட்டியல்ல ஆயிரம் பேரோட ஐசி நம்பர் இருக்கு. அத வெளிய தெரியாம எப்படி வைப்பீங்க?"

"ஹாஷ் போட்டு வைப்பேன்" என்றேன்.

ஹாஷ் என்பது அம்மியில் அரைப்பது போல. மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் அரைபட்ட பிறகு மசாலாவைத் திரும்ப மிளகாயாக்க முடியாது. ஆனால் அதே பொருள்களை அதே அளவில் அரைத்தால் அதே மசாலாதான் வரும். எண்ணுக்கும் அப்படித்தான். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஐசி எண்ணை அரைத்தால், படிக்க முடியாத ஒரு நீண்ட சரம் கிடைக்கும். அதிலிருந்து எண்ணை நேராகத் திரும்ப எடுக்க வழியில்லை.

"திரும்ப எடுக்க வேணாம் மாமா. எல்லா மசாலாவையும் நாமளே அரைச்சுப் பாத்துட்டா?"

கணக்குப் போட்டோம். நூறு ஆண்டுக்குச் சுமார் 36,500 பிறந்த நாள்கள். மாநிலங்களுக்கும் கூட்டரசுப் பிரதேசங்களுக்கும் அடிப்படைக் குறியீடுகள் 16. கடைசி நான்கு எண்களுக்கு 10,000 வாய்ப்புகள். பெருக்கினால் 584 கோடி. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால், வீட்டில் பிள்ளைகள் கணினி விளையாட்டுக்கு வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றுக்கு இது சில விநாடி வேலை. ஒருவர் ஈப்போவில் பிறந்தவர் என்றும், பிறந்த நாள் எது என்றும் தெரிந்தால் மிச்சம் 10,000. ஆணா பெண்ணா என்றும் தெரிந்தால் 5,000. ஃபேஸ்புக்கில் பிறந்த நாள் வாழ்த்து வரும் எல்லோருக்கும் இதுதான் நிலை.

இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. 2014ல் நியூயார்க் நகரின் டாக்சிப் பயண விவரங்கள், முந்தைய ஆண்டில் ஓடிய சுமார் 17 கோடி சவாரிகள், தகவல் உரிமைச் சட்டப்படி வெளியாயின. வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் இப்படித்தான் அரைத்து வைத்திருந்தார்கள். எண்களின் வாய்ப்புகள் குறைவு என்பதைக் கவனித்த விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர், எல்லாவற்றையும் அரைத்துப் பார்த்துச் சில மணி நேரத்தில் முழுப் பட்டியலையும் திறந்து காட்டினார். எந்த ஓட்டுநர் எங்கே போனார், எவ்வளவு சம்பாதித்தார் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது.

பூட்டு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. உள்ளே வைக்கும் பொருள் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால், எந்தப் பூட்டும் அதைக் காக்காது. மருந்து இருக்கிறது. யாருக்கும் தெரியாத ஒரு ரகசியச் சாவியையும் சேர்த்து அரைக்க வேண்டும். அப்போது அந்தச் சாவி இல்லாதவன் எத்தனை கோடி முறை அரைத்தாலும் அதே மசாலா வராது. இன்னும் நல்லது, எண்ணோடு தொடர்பே இல்லாத ஒரு குருட்டு எண்ணை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுவது.

புந்தோங்: சம்பளம் சொல்லாமல் சராசரி

மாலையில் புந்தோங்குக்குப் போனோம். ஈப்போவில் தமிழ்க் குரல் அதிகம் கேட்கும் பகுதி. கச்சாங் பூத்தே என்றால் நாடு முழுக்க நினைவுக்கு வருவதும் இந்த இடம்தான். வறுத்த கடலை, முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் கண்ணாடிப் புட்டிகளில் வரிசையாக நிற்கும். இரண்டு பை வாங்கிக்கொண்டு சித்தப்பா வீட்டில் உட்கார்ந்தோம்.

சித்தப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் வெவ்வேறு தொழிற்சாலையில் வேலை. யாரும் தம் சம்பளத்தை மற்றவரிடம் சொன்னதில்லை. மூத்தவன் குறைவாக வாங்குகிறான் என்று வீட்டில் ஒரு சந்தேகம். அதைக் கேட்டால் சண்டை. "ஒரு குடும்பத்தோட சராசரிய யாரும் வாயத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம்" என்று அக்காள் மகள் கடலைப் பொட்டலத்தின் தாளைக் கிழித்தாள்.

ஒவ்வொருவரும் தம் சம்பளத்தை மூன்று துண்டாக உடைக்க வேண்டும். துண்டுகள் எதுவாகவும் இருக்கலாம், கழித்தல் எண்ணாகவும் இருக்கலாம். கூட்டினால் சம்பளம் வந்தால் போதும். ஒரு துண்டைத் தானே வைத்துக்கொண்டு, மற்ற இரண்டை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். அவர்களின் உண்மைச் சம்பளத்தை இங்கே எழுத மாட்டேன், மாதிரிக்கு ஒரு கணக்கு:

முதலாமவர் 2,300 வெள்ளி: 900, 5,000, கழித்தல் 3,600.
இரண்டாமவர் 3,100 வெள்ளி: கழித்தல் 1,200, 2,500, 1,800.
மூன்றாமவர் 4,200 வெள்ளி: 4,000, கழித்தல் 700, 900.

முதல் துண்டுகள் மூன்றும் முதலாமவர் கைக்கு வரும். அவர் கூட்டினால் 3,700. இரண்டாம் துண்டுகளின் கூட்டல் 6,800. மூன்றாம் துண்டுகளின் கூட்டல் கழித்தல் 900. இந்த மூன்று கூட்டலை மட்டும் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். மொத்தம் 9,600, சராசரி 3,200. ஒருவர் கையில் இருக்கும் துண்டுத் தாளைப் பார்த்து மற்றவரின் சம்பளத்தை ஊகிக்க முடியாது.

சித்தப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு பேரு கூட்டு சேந்துட்டா?" சேர்ந்தால் மூன்றாமவரின் சம்பளம் தெரிந்துவிடும். தங்கள் சம்பளத்தை மொத்தத்திலிருந்து கழித்தால் போதும். ஆள் கூடக் கூடத்தான் இந்த முறைக்குப் பலம். நாற்பது வருடம் தோட்டத்தில் சீட்டுப் பிடித்தவர் அவர், ஓட்டை எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

இந்த விளையாட்டின் பெரிய வடிவத்துக்குப் பெயர் பல்தரப்புப் பாதுகாப்புக் கணிப்பு. 2008 ஜனவரியில் டென்மார்க்கில் சர்க்கரைக் கிழங்கு பயிரிடும் சுமார் 1,200 விவசாயிகள் இதைப் பயன்படுத்தினார்கள். கிழங்கு பயிரிடும் ஒப்பந்தத்தை எவ்வளவு விலைக்கு வாங்கவோ விற்கவோ தயார் என்று ஆலை நிர்வாகத்துக்குத் தெரிந்தால் விவசாயிக்கு நஷ்டம். அதனால் ஒவ்வொருவரின் விலையும் துண்டு துண்டாக உடைந்து வெவ்வேறு கணினிகளுக்குப் போயிற்று. யாருடைய விலையும் வெளியே வராமல் சந்தை விலை மட்டும் வெளியே வந்தது. விளைவிப்பவன் தன் ரகசியத்தை முதலாளியிடம் கொடுக்காமலேயே பேரம் பேசினான். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி தனியாக இனித்தது.

பாப்பான்: தெரியாததைச் சொல்ல முடியாது

மறுநாள் காலை பத்து காஜா பக்கம். வழியில் கெல்லீஸ் காசல். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி தொடங்கி, 1926ல் அவர் இறந்ததால் முடியாமலே நின்றுபோன மாளிகை. கட்டியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பும் உண்டு. பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில். மாளிகையில் ரகசியச் சுரங்க வழிகள் இருந்தன என்று வழிகாட்டிப் பலகையே சொல்கிறது. பலகை போட்டுச் சொன்ன பிறகு அதில் என்ன ரகசியம்? 1883லேயே கெர்க்கோஃப்ஸ் என்ற டச்சுக்காரர் இதற்கு ஒரு விதி எழுதினார். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் கெடுதி வரக் கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். இன்று வங்கி, கைப்பேசி எல்லாம் பயன்படுத்தும் ஏஇஎஸ் முறையின் முழு விளக்கமும் 2001 முதல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். "எங்கள் முறை பரம ரகசியம்" என்று சொல்லி விற்கும் பாதுகாப்புப் பொருளை நம்பாதீர்கள்.

அங்கிருந்து பாப்பான். ஈயம் விளைந்த காலத்தில் செழித்த சிற்றூர், இப்போது பாதி வீடுகளில் மரம் முளைத்திருக்கிறது. பெரிய தெருவில் 74ஆம் எண் கடைவீடு. சிபில் கார்த்திகேசு இருந்த வீடு அது.

தாதியாகவும் மருத்துவச்சியாகவும் இருந்த யூரேசியப் பெண்மணி சிபில். கணவர் டாக்டர் ஏ.சி.கார்த்திகேசு, இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். இருவரும் ஈப்போவில் மருத்துவமனை நடத்தியவர்கள். ஜப்பானியர் வந்ததும் பாப்பானுக்கு மாறினார்கள். காட்டிலிருந்து இரவில் வந்த எதிர்ப்புப் படையினருக்குச் சிபில் ரகசியமாக மருத்துவம் செய்தார். தடை செய்யப்பட்ட வானொலிப் பெட்டியை மறைத்து வைத்துப் பிபிசி செய்தி கேட்டார். 1943ல் பிடிபட்டார். கெம்பெத்தாய் செய்த சித்திரவதையை இங்கே விவரிக்க மனம் வரவில்லை. அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்து வெளியே வந்தபோது நடக்கவே முடியாத நிலை. பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. அந்தக் காயங்களாலேயே 1948 ஜூனில் காலமானார். உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது.

மறையாக்கம் படிப்பவர்கள் மத்தியில் ஒரு கசப்பான கேலிப் பேச்சு உண்டு. எவ்வளவு பலமான பூட்டாக இருந்தாலும், சாவி வைத்திருப்பவனை ரப்பர் குழாயால் அடித்தால் திறந்துவிடும் என்பார்கள். ரப்பர் குழாய் முறை என்றே அதற்குப் பெயர். பாப்பானில் நின்றபோது அது கேலியாகத் தெரியவில்லை.

சிபிலைப் போன்ற மனவுறுதி எல்லோருக்கும் வாய்க்காது. அதனால் நல்ல பாதுகாப்பு அமைப்பு யாருடைய மனவுறுதியையும் நம்பிக் கட்டப்படுவதில்லை. ஒரு பெயர் உங்களுக்குத் தெரியாது என்றால், உங்களை என்ன செய்தாலும் அந்தப் பெயர் வராது. தேவைக்கு மேல் சேகரிக்காதே, வேலை முடிந்ததும் வைத்திருக்காதே என்று அந்தரங்கக் காப்புப் பாடத்தின் முதல் பக்கம் சொல்வது இதைத்தான். 2016 முதல் வாட்ஸ்அப்பில் எல்லாச் செய்திகளும் பூட்டப்பட்டே போகின்றன. அங்கே ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிக்கொண்டே இருக்கும், பழைய சாவி அழிக்கப்படும். இன்று சாவி திருடு போனாலும், நேற்று வழியில் பிடித்து வைத்த செய்தியைத் திறக்க முடியாது. கைப்பேசியில் நீங்களே அழிக்காமல் வைத்திருப்பது வேறு கதை. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

சுங்கை சிப்பூட்: காகிதம் இல்லாதவர்கள்

மூன்றாம் நாள் வடக்கே. கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே 1877ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. என் தாத்தாவின் தலைமுறை கடல் தாண்டி வந்தது இந்த மரத்தின் வாரிசுகளுக்குப் பால் வெட்டத்தான். வணங்கத் தோன்றவில்லை, ஆனால் தொட்டுப் பார்க்காமல் வர முடியவில்லை.

சுங்கை சிப்பூட், துன் வீ.தி.சம்பந்தனின் ஊர். 1948 ஜூன் 16 காலையில் இதே வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்தில் ஒருவரும் பின் சூன் தோட்டத்தில் இருவருமாக மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது அதிலிருந்துதான். அதே ஆண்டு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை கட்டாயமாயிற்று. இன்று நம் பணப்பையில் இருக்கும் மைகார்டின் கொள்ளுப்பாட்டி அந்தக் காகித அட்டை. யார் நம்மவன், யார் காட்டிலிருந்து வந்தவன் என்று பிரிக்க வந்தது அது. அதனால்தான் கெரில்லாக்கள் பல இடங்களில் மக்களிடமிருந்து அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள்.

தோட்டத்து மக்களுக்கு இந்தக் காகிதம் எப்போதும் ஓர் அச்சம். லயத்து வீட்டில், பிள்ளை பெற வைத்த கிழவியின் கையில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பத்திரம் இருக்காது. கிராணி செக்ரோலில் எழுதியதுதான் வேலைக்குச் சாட்சி. எடை போட்ட பாலுக்கும் அவர் எழுதியதுதான் கணக்கு, தொழிலாளியிடம் நகல் கிடையாது. என் பாட்டி கடைசிவரை சிவப்பு ஐசியோடு இருந்து போனார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்றானபோது ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். 2011ல்கூட, ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய அரசாங்கம் மைடஃப்தார் என்ற இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது.

"எண்ணை மறையுங்கள், யாரிடமும் எதையும் கொடுக்காதீர்கள்" என்று நகரத்தில் சொல்வது எளிது. ஆவணம் இல்லாமல் அலைந்த சமூகத்திடம் அதை அப்படியே சொல்ல முடியாது. நான் யார் என்று நிரூபிக்கவும் வேண்டும், நிரூபிக்கும்போது எல்லாவற்றையும் இழந்துவிடவும் கூடாது.

எண் பெயர்தான், சாவி அல்ல

எங்கள் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. கோயில் மட்டும் அதே இடத்தில். பழைய பக்கத்து வீட்டு அக்காவைப் பார்க்கப் போனோம். போன வருடம் அவருக்கு ஓர் அழைப்பு வந்ததாம். நீதிமன்றத்தில் உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, பணத்தைப் "பாதுகாப்புக் கணக்குக்கு" மாற்றுங்கள் என்று ஒருவன் பேசியிருக்கிறான். சேமநிதியில் மிச்சமிருந்த 18,000 வெள்ளி போய்விட்டது.

"என் ஐசி நம்பர முழுசா சொன்னான்யா. வீட்டு அட்ரஸும் சொன்னான். கவர்மெண்ட் ஆளா இல்லாம எப்படித் தெரியும்?"

அக்காவிடம் அறிவு குறைவில்லை. எண் தெரிந்தவன் அதிகாரி என்று அவர் நம்பும்படி நாம் எல்லோரும் பழக்கி வைத்திருக்கிறோம். 2017ல் நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசிக் கணக்குகளின் விவரம் கசிந்த செய்தி வந்தது. மக்கள்தொகையைவிட அதிகம். பலருடைய ஐசி எண்ணும் முகவரியும் அதில் இருந்தன. அதைத் தவிர, உதவிப் பொருள் வாங்குவோர் பட்டியல் என்று முழு ஐசி எண்ணோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது எத்தனை!

மூன்று நாளில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான். ஐசி எண் உங்கள் பெயரைப் போன்றது. ஊருக்கே தெரிந்த பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறவனுக்கு யாராவது வீட்டுச் சாவியைக் கொடுப்பார்களா?

சாவி எப்படி இருக்க வேண்டும்? கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் காசு போடலாம், திறக்கச் சாவி உள்ளவரால்தான் முடியும். 1976, 77ல் பிறந்த பொதுச்சாவி முறை அதுதான். அதைத் திருப்பிப் போட்டால் மின்னொப்பம்: முத்திரை குத்த ஒருவரால்தான் முடியும், முத்திரை சரியா என்று பார்க்க எல்லோராலும் முடியும். ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. மலேசியாவில் 1997லேயே இதற்குச் சட்டம் இயற்றிவிட்டார்கள்.

அடுத்த படி இன்னும் அழகு. "இவர் 60 வயதைத் தாண்டியவர்" என்று அரசாங்கம் முத்திரையிட்டுக் கொடுத்தால், அந்த ஒரு வரியை மட்டும் காட்டலாம். பிறந்த நாள், முகவரி எதுவும் போகாது. ஒரு விஷயம் உண்மை என்பதை, அந்த விஷயத்தையே காட்டாமல் நிரூபிக்க முடியும் என்று 1985ல் மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அறிவில்லா நிரூபணம் என்று அதைச் சொல்கிறார்கள். அதாவது, நிரூபணம் உண்டு, எதிராளிக்கு வேறு அறிவு எதுவும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் இயற்றிய மின்னடையாளச் சட்டம், தேவையான விவரத்தை மட்டும் காட்டும் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நமக்கும் அது வர வேண்டும். பேரப்பிள்ளைகள் கேட்டால்தான் வரும்.

படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

பெரிய கணிதம் வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். 12 மணிக்குப் பிறகு 1 வரும் கடிகாரக் கணக்கும், பகா எண்களும், கொஞ்சம் பைத்தானும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். ஸ்டான்போர்டு பேராசிரியர் டான் போனேயின் பாடம் கோர்செராவில் இருக்கிறது. கிரிப்டோஹேக் என்ற இணையத்தளத்தில் புதிர் போல விடுவித்துப் பழகலாம். பேராக்கிலேயே கம்பாரில் யூடிஏஆர், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று கணினித்துறை படிக்க இடங்கள் உண்டு. குவாண்டம் கணினியைத் தாக்குப்பிடிக்கும் புதிய முறைகள் மூன்றை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. உலகம் முழுக்கப் பழைய பூட்டுகளை மாற்றும் வேலை இனிமேல்தான் நடக்கப்போகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: சொந்தமாகப் பூட்டு செய்து கடையில் வைக்காதீர்கள். பலரும் உடைத்துப் பார்த்துத் தேறியதை மட்டும் பயன்படுத்துங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு மூன்று சொல்: ஐசி நகலில் கோடு போட்டுக் காரணம் எழுதுங்கள். பாதுகாவலர் அசல் ஐசியை வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை, மரியாதையாக மறுக்கலாம். மோசடியில் பணம் போனால் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள்.

கோயில் மண்டபத்தில் ஒரு பாரம்

கிளம்பும் முன் கோயிலுக்குப் போனோம். பழைய தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பள்ளி உதவி கொடுக்க மண்டபத்தில் இளைஞர்கள் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பெயர், ஐசி எண், முகவரி, கைப்பேசி, மாத வருமானம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திர எண் என ஏழு கட்டங்கள். நல்ல பிள்ளைகள், நல்ல எண்ணம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்குத்தான் பொருந்தும். இப்படிப்பட்ட பட்டியலைக் காப்பது நம் மனசாட்சியின் வேலை.

அக்காள் மகள் அவர்களோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "இது எதுக்கு?" வருமானம் எதற்கு? ஒரு வரம்புக்குக் கீழா என்று தெரிந்தால் போதும். அது "ஆம், இல்லை" ஆயிற்று. பிறப்புப் பத்திர எண் எதற்கு? பள்ளியின் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். புத்தகப்பையை நேரில் கொடுப்பதால் வங்கிக் கணக்கும் முகவரியும் போயின. ஐசி எண்? ஒரே குடும்பம் இரண்டு தடவை வாங்காமல் இருக்க என்றார்கள். அதற்கு வரிசை எண் போட்ட சீட்டு ஒன்றை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. மிஞ்சியது பெயர், கைப்பேசி, ஒரு "ஆம்".

எங்களோடு வந்திருந்த அக்கா, பேரனுக்காக வரிசையில் நின்றார். பழைய பாரம் ஒன்று அவர் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு மேசையில் இருந்த பையனைப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, பைக்கு எதுக்குடா என் ஐசி நம்பர்?"

பையன் புதுப் பாரத்தை எடுத்துக் கொடுத்தான்.